ஆய்வாளரின் குரு வழியைத் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். துறை வரலாறு எழுதுபவர்கள், ஓய்வு பெறும் பேராசிரியருக்கு மலர் தயாரிப்பவர்கள், பிஎச்.டி.க்குப் புதிதாகப் பதிவு செய்தவர்கள் என்று பலரும் "இவர் யாருடைய மாணவர், எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று வந்து கேட்கிறார்கள். புதுச்சேரி நண்பர்களும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை அவர்கள் கேட்டபடியே போட்டு, பதில் எழுதியிருக்கிறேன்.

குரு வழின்னா என்ன சார்? குடும்ப வம்சாவளி மாதிரியா?

கிட்டத்தட்ட அப்படித்தான். அப்பா அம்மா இருக்கும் இடத்தில் ஆய்வு நெறியாளர் இருப்பார். ஒருவரின் ஆய்வை யார் நெறிப்படுத்தினார், அந்த நெறியாளரை யார் நெறிப்படுத்தினார் என்று மேலே போகலாம். அவரிடம் யார் யார் பட்டம் வாங்கினார்கள் என்று கீழேயும் வரலாம்.

நம் மாவட்டத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. 1929 முதல் 1941 வரை சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தவர் எஸ். எஸ். பிள்ளை. எந்த முழு எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்குகளைக் கூட்டி எழுதிவிடலாம், சில எண்களுக்கு அதைவிடக் குறைவாக முடியாது என்று 1940இல் நிறுவியவர். அவர் ஆய்வு பழகியது சென்னையில், கே. ஆனந்த ராவிடம். ஆனந்த ராவ் மாநிலக் கல்லூரிப் பேராசிரியர், கேம்பிரிட்ஜில் ஜி. எச். ஹார்டியிடம் படித்தவர். பிள்ளை, ஆனந்த ராவ், ஹார்டி என்று மூன்று தலைமுறை இங்கேயே வந்துவிட்டது. ராமானுஜனை இங்கிலாந்துக்கு அழைத்த அதே ஹார்டிதான்.

இதைத் தேடி என்ன ஆகப்போகுது? பெருமைக்குத்தானே?

பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு கேள்வி ஓர் ஊருக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை இது காட்டிக்கொடுக்கும். 1930களில் சிதம்பரத்தில் உட்கார்ந்து ஒருவர் ஏன் எண் கோட்பாட்டில் மூழ்கினார் என்று கேட்டால், மேலே சொன்ன சங்கிலியே பாதிப் பதில்.

நடைமுறைப் பயனும் உண்டு. ஆய்வேட்டை மதிப்பிடும் புறத்தேர்வாளர் பட்டியல் தயாரிக்கும்போது நெறியாளரின் சொந்த மாணவரோ, அடிக்கடி சேர்ந்து எழுதுபவரோ அதில் வராமல் பார்க்க வேண்டும். கைடு தேடும் மாணவருக்கும் இது உதவும். ஒருவரிடம் பட்டம் பெற்றவர்கள் பிறகு என்ன எழுதினார்கள் என்று பார்த்தாலே அவர் எப்படிப் பழக்குகிறார் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

ஆய்வேட்டின் முதல் சில பக்கங்களிலிருந்து. நெறியாளர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ், மாணவரின் உறுதிமொழி, நன்றியுரை மூன்றும் அங்கேதான் இருக்கும். வேறு எந்த ஆவணமும் இவற்றுக்கு ஈடாகாது. தன்விவரக் குறிப்பு, மலர்க் கட்டுரை, இரங்கல் குறிப்பு எல்லாம் அடுத்த வரிசைதான்.

ஆரம்பத்திலேயே ஒரு பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் பக்கத்தில் "எதை வைத்துச் சொல்கிறேன்" என்று ஒரு வரி எழுதுங்கள். 'சான்றிதழ் பக்கம் பார்த்தேன்', 'அவர் மாணவர் நேரில் சொன்னார்', 'கட்டுரையை வைத்து ஊகம்' என்று இருந்தால் போதும். இந்த வரி இல்லாத வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நம்ப முடியாது. கீழே வரும் பல பதில்களுக்கும் இதுதான் அடிப்படை.

ஆய்வேடு கையில இல்லையே. எங்கே கிடைக்கும்?

முதலில் சோத்கங்காவில் தேடுங்கள். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் இலவசக் களஞ்சியம். ஆய்வேட்டின் மின்படியைக் கொடுக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி கொண்டுவந்தது. அதற்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் அதில் இருக்கும். பழையவை சிலவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஆய்வேட்டுக்கும் நெறியாளர் பெயருக்குத் தனி இடம் உண்டு. அதைப் பார்த்ததோடு நிறுத்தாமல், சான்றிதழ் கோப்பையும் நன்றியுரைக் கோப்பையும் தனித்தனியாகத் திறந்து படியுங்கள். பட்டியலில் தட்டச்சுப் பிழை இருக்கலாம். கையெழுத்துப் போட்ட தாளில் அது குறைவு.

பழைய ஆய்வேடு என்றால் எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்தது என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். நம் ஊரில் பலர் தடுமாறுவது இங்கேதான். புதுவைப் பல்கலைக்கழகம் 1985இல்தான் வந்தது. அதற்கு முன் புதுச்சேரிக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. அந்தக் காலத்து ஆய்வேட்டைப் புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டில் தேடினால் கிடைக்காது, சென்னையில் தேட வேண்டும். கடலூர் அரசுக் கல்லூரியோ முதலில் சென்னை, பிறகு வேலூர் திருவள்ளுவர், இப்போது அண்ணாமலை என்று மூன்று பல்கலைக்கழகங்களைப் பார்த்துவிட்டது. ஒரே துறையில் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்தவர்களின் ஆய்வேடுகள்கூட மூன்று ஊர்களில் இருக்கலாம்.

சான்றிதழ்ல ஒரு பேரு, நன்றியுரையில முதல்ல வேற பேரு. யாரை குருன்னு போடுறது?

இரண்டு பேரையும் போடுங்கள், வேறு வேறு கோட்டில். சான்றிதழில் இருப்பவருக்கு முழுக் கோடு, நன்றியுரையில் இருப்பவருக்குப் புள்ளிக் கோடு. நடுவில் ஒருவர் ஓய்வு பெற்றிருப்பார், ஊர் மாறியிருப்பார், இறந்திருப்பார். கடைசியில் கையெழுத்துப் போட்டவர் ஆறு மாதம் மட்டும் பொறுப்பில் இருந்தவராகவும் இருக்கலாம். ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிய மாணவரை எடுக்கக் கூடாது என்று மானியக் குழுவின் 2022 விதி சொல்கிறது. ஆனால் பழைய ஆய்வேடுகளில் கைடு மாறியது நிறையவே உண்டு.

நன்றியுரையைப் பொறுமையாகப் படியுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பேன். "முதன்முதலில் இந்தத் தலைப்பை எனக்குச் சுட்டியவர்", "இளங்கலையில் இந்தப் பாடத்தில் ஆசை ஊட்டியவர்" என்று அங்கே எழுதியிருக்கும். ஒரு கல்லூரி ஆசிரியர் வாழ்நாள் முழுதும் ஒருவரைக்கூட முனைவராக்காமல் இருந்திருப்பார். ஆனால் பல முனைவர்களின் நன்றியுரையில் அவர் பெயர் வரும். எந்தத் தரவுத்தளத்திலும் அவர் இருக்க மாட்டார். அவரை நாம்தான் சேர்க்க வேண்டும்.

கோ-கைடு இருந்தா?

அவருக்கும் முழுக் கோடுதான். 'இணை நெறியாளர்' என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

எம்.ஃபில். கைடைச் சேர்க்கலாமா? இப்பதான் அந்தப் படிப்பே இல்லையே.

2022 விதியோடு எம்.ஃபில். நின்றுவிட்டது உண்மைதான். அதற்கு முன் படித்தவர்களுக்கு அது ஒரு முக்கியமான படி. பலருக்கு ஆய்வுக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்ததே எம்.ஃபில். நெறியாளர்தான். சேருங்கள், எந்தப் பட்டத்துக்கு என்று குறித்துவிடுங்கள். பிஎச்.டி. கோட்டோடு கலக்க வேண்டாம்.

இணையத்துல ரெடிமேடா மரம் போட்டு வச்சிருக்காங்களாமே?

ஆமாம். கணிதத்துக்கு மேத்தமேட்டிக்ஸ் ஜீனியாலஜி புராஜெக்ட் என்ற கணித வம்சாவளித் தளம் உண்டு. அமெரிக்காவில் நார்த் டகோட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நடக்கிறது. கணிதம், புள்ளியியல், கணினி அறிவியல், கோட்பாட்டு இயற்பியல் ஆட்கள் மூன்று லட்சத்துக்கும் மேல் அதில் இருக்கிறார்கள். மற்ற துறைகளுக்கு அகடெமிக் ட்ரீ இருக்கிறது. 2005இல் நரம்பியலாளர்களுக்காகத் தொடங்கி, பிறகு வேதியியல் முதல் பல துறைகளுக்கும் கிளை விட்டது. விக்கிப்பீடியாவோடு இணைந்த தரவுத்தளமான விக்கித்தரவிலும் 'முனைவர் பட்ட நெறியாளர்' என்று தனிப் பண்பு இருக்கிறது.

இவை எல்லாம் பலர் அனுப்பிய தகவலில் வளர்ந்தவை. நல்ல தொடக்கம், அவ்வளவுதான். தமிழ்நாட்டு, புதுச்சேரி ஆட்கள் அவற்றில் குறைவு. தமிழ், வரலாறு, தத்துவம் பக்கம் போனால் இன்னும் குறைவு. பெயர் இல்லை என்பதால் அவருக்கு மாணவர்களே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பழைய ஆளுங்களுக்கு பிஎச்.டி.யே இல்லையே. அவங்களுக்கு யாரை குருன்னு போடுறது?

இது நல்ல கேள்வி. கேம்பிரிட்ஜில் பிஎச்.டி. பட்டமே முதல் உலகப் போருக்குப் பிறகுதான் வந்தது. ஹார்டிக்கு அந்தப் பட்டம் கிடையாது. 1916இல் ராமானுஜனுக்குக் கிடைத்தது ஆய்வின் அடிப்படையில் கொடுத்த பி.ஏ. சர் சி. வி. ராமனுக்கு நெறியாளர் என்று யாருமே இல்லை. கல்கத்தாவில் அரசு வேலை பார்த்துக்கொண்டே தானாக ஆராய்ந்தவர். அவருக்கு மேலே கோடு போடாமல் விடுவதுதான் சரி. வெற்றிடமாக இருக்கிறதே என்று யாரையாவது பிடித்து ஒட்டக் கூடாது.

நம் பக்கத்து ஆள் ஒருவர் உண்டு, டி. விஜயராகவன். 1902இல் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து அடூர் அகரத்தில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டு போய், அப்போது அங்கே இருந்த ஹார்டியோடு வேலை செய்தார். பிசோ-விஜயராகவன் எண்கள் என்று ஒரு வகை எண்களுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. பின்னாளில் சென்னை ராமானுஜன் கணித நிறுவனத்தின் முதல் இயக்குநரானார். இவர் போன்றவர்களுக்கு 'யாரோடு, எங்கே, எப்போது ஆய்வு பழகினார்' என்று எழுதிப் புள்ளிக் கோடு போடுங்கள். படிப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும்.

தமிழ்ப் புலவர்களுக்கு இதெல்லாம் எப்படிப் பொருந்தும்? அவங்க வழியே வேறயாச்சே.

வழி வேறுதான், ஆனால் இன்னும் தெளிவானது. உ. வே. சாமிநாதையர் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். இதை அவரே விரிவாக எழுதி வைத்திருக்கிறார். எந்தச் சான்றிதழும் அதைவிட உறுதியாக இருக்க முடியாது. அந்த உ. வே. சா. 1924 முதல் 1927 வரை, பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியில் முதல்வராக இருந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறையின் கதை எழுதுபவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போக முடியாது.

புதுச்சேரியில் இன்னொரு வகை உண்டு. 1955இல் ஜான் ஃபில்லியோசா தலைமையில் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனத்தில், மரபுவழி படித்த பண்டிதர்களும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் ஒரே மேசையில் சுவடி பார்த்தார்கள். 1984இல் அங்கிருந்து வரத் தொடங்கிய தேவாரப் பதிப்பில் தி. வே. கோபாலையர், பிரான்சுவா குரோ இருவர் பெயரும் பதிப்பாசிரியர்களாக இருக்கின்றன. இங்கே யார் யாருக்கு குரு? பட்டக் கணக்கில் பார்த்தால் கோடே வராது. ஆனால் தமிழ் இலக்கணம் பண்டிதர் பக்கத்திலிருந்து போயிருக்கிறது என்பதைப் பதிப்பைப் பார்க்கும் எவரும் உணரலாம். இப்படிப்பட்ட இடங்களில் 'உடன் பதிப்பித்தவர்' என்று தனி நிறக் கோடு வைத்துக்கொள்ளுங்கள். மரத்தில் பண்டிதர்கள் விடுபட்டுப் போனால் அது பாதிக் கதைதான்.

சேர்ந்து கட்டுரை எழுதியிருந்தா கைடுன்னு எடுத்துக்கலாமா?

கூடாது. சேர்ந்து எழுதியது ஒரு துப்பு, சாட்சி ஆகாது. நண்பர்கள் சேர்ந்து எழுதுவார்கள், ஒரே கருவியைப் பயன்படுத்தியவர்கள் எழுதுவார்கள், துறைத்தலைவர் என்பதற்காகப் பெயர் சேர்க்கப்பட்டவர்களும் இருப்பார்கள்.

ஆனாலும் துப்பைத் துப்பாகப் பயன்படுத்தலாம். ஆய்வேடு வந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று ஆண்டுக் கட்டுரைகளை எடுங்கள். எல்லாவற்றிலும் ஒரே மூத்தவர் பெயர் வருகிறதா, இருவர் முகவரியும் ஒரே துறையா, பொருள் ஆய்வேட்டுத் தலைப்போடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மூன்றும் பொருந்தினால் 'ஊகம்' என்று எழுதிப் புள்ளிக் கோடு போடலாம்.

பேர் வரிசையை வச்சு யார் மூத்தவர்னு சொல்ல முடியாதா?

துறையைப் பொறுத்தது. பரங்கிப்பேட்டையில் இருக்கும் கடல் உயிரியல் மையத்துக் கட்டுரைகளைப் பாருங்கள். ஆர். வி. சேஷையா கட்டி எழுப்பிய இடம் அது. இப்படிப்பட்ட ஆய்வகத் துறைகளில் மாணவர் பெயர் முதலிலும் ஆய்வகத் தலைவர் பெயர் கடைசியிலும் வருவது இன்றைய வழக்கம். கணிதத்தில் பெரும்பாலும் அகரவரிசை. அங்கே முதல் பெயருக்குத் தனி மதிப்பு இல்லை. தமிழ் ஆய்விலோ மாணவர் தனியாகவே எழுதுவது அதிகம் என்பதால் இந்த வழி அங்கே உதவவே உதவாது.

எர்டோஸ் எண்னு ஒண்ணு சொல்றாங்களே, அதுவும் குரு வழியா?

இல்லை. அது முழுக்க இணையாசிரியர் கணக்கு. ஹங்கேரிக் கணிதர் பால் எர்டோஸ் (1913–1996) சுமார் 1,500 கட்டுரைகள் எழுதினார். ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அவரோடு சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். அவரோடு எழுதியவருக்கு எண் 1, அவரோடு எழுதியவரோடு எழுதியவருக்கு 2.

முதல் பதிலில் வந்த எஸ். எஸ். பிள்ளையையே எடுப்போம். அவர் சர்வதமன் சௌலாவோடு சேர்ந்து எழுதினார். சௌலா எர்டோஸோடு எழுதியவர். எனவே பிள்ளைக்கு எண் 2. சௌலா கேம்பிரிட்ஜில் லிட்டில்வுட்டிடம் பட்டம் பெற்றவர். பிள்ளை ஆனந்த ராவ் வழி. ஒரே கட்டுரையில் இரண்டு குரு வழிகள் சந்திக்கின்றன. இதனால்தான் குரு வழி வலையையும் இணையாசிரியர் வலையையும் தனித்தனித் தாளில் வரையச் சொல்கிறேன். ஒன்றாகக் கலந்துவிட்டால் இந்தச் சந்திப்பே கண்ணுக்குத் தெரியாது.

ஒரே பேர்ல நாலு பேர் இருக்காங்க அண்ணே. எப்படிப் பிரிக்கிறது?

நம் ஊரில் இதுதான் பெரிய தலைவலி. இனிஷியல் எல்லோருக்கும் ஒரே பொருளில் இருப்பதில்லை. உ. வே. சா.வில் உ என்பது உத்தமதானபுரம், வே என்பது தந்தை வேங்கடசுப்பையர். டி. விஜயராகவனின் டி திருக்கண்ணபுரம். எஸ். எஸ். பிள்ளையில் முதல் எஸ் தந்தை சுப்பையா, இரண்டாவது அவருடைய சொந்தப் பெயரான சிவசங்கரநாராயணன். வெளிநாட்டு அட்டவணையோ கடைசியில் இருக்கும் 'பிள்ளை'யைக் குடும்பப் பெயராக எடுத்து அடுக்கிவிடும். இன்றைய இதழ்கள் பலவற்றில் இனிஷியல் பின்னால் போய்விடுகிறது. சிலர் அதை விரித்துத் தந்தை பெயரையே குடும்பப் பெயராகக் கொடுக்கிறார்கள். ஒரே ஆள் மூன்று பேராகத் தெரிவார், மூன்று பேர் ஒருவராகவும் தெரிவார்கள்.

பெண் ஆய்வாளர்களுக்குத் திருமணத்துக்குப் பின் இனிஷியல் மாறியிருக்கலாம். ஆய்வேடு ஒரு பெயரிலும் பிந்தைய கட்டுரைகள் வேறு பெயரிலும் இருக்கும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரிக் குடும்பங்களில், பிரெஞ்சு ஆவணத்துப் பெயரும் கல்லூரிப் பதிவேட்டுப் பெயரும் எழுத்துக்கூட்டலில் வேறாக இருப்பதும் உண்டு.

பெயரை மட்டும் நம்பாமல் பெயர், துறை, நிறுவனம், ஆண்டு நான்கையும் சேர்த்துப் பாருங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலில் வரக்கூடிய எல்லா வடிவங்களையும் முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள். இப்போது எழுதுபவர் என்றால் ஆர்கிட் எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வாளர்களுக்காக 2012இல் தொடங்கிய 16 இலக்க அடையாள எண் அது. பெயர் மாறினாலும் எண் மாறாது. ஆய்வாளர் விவரங்களைத் தரும் இன்ஃப்ளிப்நெட்டின் வித்வான் தளத்திலும் நம் ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள். கூகுள் ஸ்காலர் பக்கத்தை மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையோடு பாருங்கள். பெயர் ஒத்துப்போனதற்காக வேறொருவர் கட்டுரை அதில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எங்க பேராசிரியர் பிரான்ஸ்ல படிச்சவர். அங்கே எப்படித் தேடுறது?

1985 முதல் பிரான்சில் ஏற்கப்பட்ட ஆய்வேடுகளுக்குத் தேஸ் டாட் எஃப்ஆர் (theses.fr) என்ற தேசியத் தளம் இருக்கிறது. நெறியாளர் பெயரோடு பல பதிவுகளில் தேர்வுக் குழுவினர் பெயரும் கிடைக்கும். அதற்கு முந்தியவற்றுக்குப் பிரெஞ்சுப் பல்கலைக்கழக நூலகங்களின் கூட்டு அட்டவணையான சூடாக்கைப் (Sudoc) பாருங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். 1984 சீர்திருத்தத்துக்கு முன் பிரான்சில் 'மூன்றாம் சுற்று' முனைவர் பட்டம், அதற்கு மேல் பெரிய 'அரசு முனைவர்' பட்டம் என்று இரண்டு இருந்தன. ஒருவருக்கு இரண்டும் இருக்கலாம், இரண்டுக்கும் வெவ்வேறு நெறியாளர் இருக்கலாம். எம்.ஃபில். பதிலில் சொன்னதுபோல எந்தப் பட்டத்துக்கு என்று குறித்தால் குழப்பம் வராது.

மலர்ல ஒரு மாதிரி, தரவுத்தளத்துல வேற மாதிரி இருக்கு. எதை நம்புறது?

எது சான்றிதழ்ப் பக்கத்துக்கு அருகில் இருக்கிறதோ அதை. மலர்க் கட்டுரையில் "இன்னாரின் மாணவர்" என்றால் வகுப்பில் பாடம் கேட்டவர் என்றும் பொருளாகலாம். எஸ். எஸ். பிள்ளைக்கே ஆனந்த ராவோடு கணிதர் ஆர். வைத்தியநாதசுவாமியின் பெயரும் சொல்லப்படுவதுண்டு. அங்கே ஒன்றைத் தள்ளிவிட்டு ஒன்றை வைக்க அவசியமில்லை. இரண்டு ஆசிரியர்களிடமும் அவர் பழகியவர். முரண்பாடு தீராவிட்டால் இரண்டையும் ஆதாரத்தோடு எழுதி அப்படியே விடுங்கள். பின்னால் வருபவருக்கு அதுவே உதவி.

கைடுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. கேட்டா கோவிச்சுக்கிறார். பேரைப் போடலாமா?

ஆய்வேடு பொது ஆவணம். நெறியாளர் யார் என்ற தகவலைப் போடத் தடையில்லை. மனஸ்தாபத்தின் காரணம், யார் யாரை என்ன சொன்னார் என்பதெல்லாம் வரைபடத்துக்குத் தேவையே இல்லை. நேரில் சொன்ன செய்தி என்றால் அவர் ஒப்புக்கொண்டால் மட்டும் எழுதுங்கள். வயதானவர்களிடம் போகும்போது அவர்களுடைய பழைய ஆய்வேட்டின் முகப்புப் பக்க நகலைக் கையில் கொண்டு போங்கள். அதைப் பார்த்ததும் கேட்காத பெயர்களையும் அவர்களே சொல்வார்கள்.

நான் கண்டுபிடிச்சதை அந்தத் தளங்கள்ல சேர்க்க முடியுமா?

முடியும், சேருங்கள். கணித வம்சாவளித் தளத்தில் புதிய பெயரும் திருத்தமும் அனுப்பப் படிவம் இருக்கிறது: பெயர், பல்கலைக்கழகம், ஆண்டு, ஆய்வேட்டுத் தலைப்பு, நெறியாளர். அகடெமிக் ட்ரீயிலும் விக்கித்தரவிலும் கணக்குத் தொடங்கி நீங்களே சேர்க்கலாம். விக்கித்தரவில் சோத்கங்கா இணைப்பை ஆதாரமாகக் கொடுங்கள். அங்கே முழுக் கோடு போட்டவற்றை மட்டும் அனுப்புங்கள். புள்ளிக் கோடுகளை உங்கள் துறை வரலாற்றில் வைத்துக்கொண்டு, அதன் ஒரு படியைக் கல்லூரி நூலகத்தில் கொடுத்துவிடுங்கள். அடுத்து தேடி வருபவர் முதலில் வந்து நிற்பது அங்கேதான்.